பாட்டனார் பெயர் எந்த ஏட்டில்?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஜும்ஆ முடிந்து வெளியே வந்த நம் கையைப் பிடித்துக்கொண்டார். இரவு ஷிப்ட் முடித்து நேராகப் பள்ளிக்கு வந்திருக்கிறார். கண்கள் சிவந்திருந்தன. "ஹஜ்ரத், ஓட்டர் லிஸ்ட்ல எங்க அம்மாவக் கண்டுபிடிக்க முடியல" என்றார்.

சென்ற 2025 அக்டோபர் 27 அன்று தேர்தல் ஆணையம் தமிழகத்துக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை அறிவித்தது. நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம் வந்தது. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் தாய் தந்தை அல்லது பாட்டன் பாட்டி பெயர் எங்கே இருக்கிறது என்று அந்தப் படிவம் கேட்டது. நம் சமுதாயச் சொந்தங்கள் பலர் அன்றுதான் முதன்முதலாகத் தங்கள் குடும்பத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

அந்தத் தம்பிக்கு ராமநாதபுரம் பக்கம். அத்தா சிறு வயதிலேயே மவுத்தாகிவிட்டார். விதவையான அம்மா தாய்வீட்டுக்குத் திரும்பி, அங்கேதான் ஓட்டுப் போட்டு வந்தார். கொரோனா காலத்தில் அவரும் போய்விட்டார். அம்மா பெயர் ஆயிஷா பீவி. அந்த ஊர்ப் பட்டியலைத் திறந்தால் ஒரே பாகத்தில் பதினோரு ஆயிஷா பீவிகள்! எந்த ஆயிஷா பீவி தன் தாய் என்று அறிய, பக்கத்தில் இருக்கும் தகப்பனார் பெயரைப் பார்க்க வேண்டும். தாயின் தகப்பனார் பெயர் என்ன?

"பினாங்கு நன்னா, ஹஜ்ரத்."

"அது சரி தம்பி, பேர் என்ன?"

"எல்லாரும் பினாங்கு நன்னான்னுதான் சொல்வாங்க. ஊருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒருத்தர் காதருங்கிறார். இன்னொருத்தர் மைதீனுங்கிறார்."

நமக்குச் சிரிப்பு வரவில்லை. மதரசாவில் ஓதிய காலத்தில் ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசைகளை மனனம் செய்தவர்கள் நாம். இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார், அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டு இறந்தார், அவருடைய நினைவாற்றல் எப்படிப்பட்டது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்களைப் பற்றி ஒப்பிப்போம். அன்று மாலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தால், நமது பாட்டனாரின் தகப்பனார் பெயர் நமக்கே தெரியவில்லை! அந்தத் தம்பியை எந்த முகத்தோடு கண்டிப்பது?

வம்சம் தேடுவது ஜாஹிலிய்யத்துப் பெருமை அல்லவா என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அரபியருக்கு அரபியல்லாதாரைவிட மேன்மை இல்லை என்று அறிவித்த மார்க்கம் நம்முடையது. "நாங்கள் இன்னார் வழி" என்று மீசை முறுக்கிக்கொண்டு, சம்பந்தம் பேசும்போது ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்று தரம் பிரிப்பதற்காக வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. உறவைச் சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான அளவு வமிசத்தைத் தெரிந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் குறைஷியரின் வம்ச வரலாற்றில் தேர்ந்தவர்கள். உமர் (ரலி) அவர்கள் அரசுக் கருவூலத்திலிருந்து மானியம் வழங்க 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது, வம்சம் அறிந்த மூவரை அமர்த்தி, குலம் குலமாகப் பெயர்களை எழுத வைத்தார்கள். யாருக்கு என்ன உரிமை சேரவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

உரிமைக்கும் பாட்டன் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அஸ்ஸாமைப் பார்க்கட்டும். அங்கே தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெற, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்திய ஆவணம் ஒன்றில் தன் பெயரோ முன்னோர் பெயரோ இருப்பதைக் காட்ட வேண்டும். 1951ஆம் ஆண்டுப் பதிவேடும் பழைய வாக்காளர் பட்டியல்களும் அதற்கு மூலம். அத்தோடு விடவில்லை. அந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்த குடும்ப மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் எழுதியதும் தம்பி எழுதியதும் பொருந்தாவிட்டால் விசாரணை! 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேர் விடுபட்டார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் அதில் உண்டு. மிகவும் தவித்தவர்கள் மணமான பெண்கள். பள்ளிச் சான்றும் இல்லாமல் பிறப்புச் சான்றும் இல்லாமல் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண், தான் இன்னார் மகள் என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பாள்? ஊராட்சிச் செயலாளர் தரும் சான்று செல்லுமா செல்லாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 டிசம்பரில்தான் சரிபார்த்து ஏற்கலாம் என்று தீர்ந்தது.

தமிழகம் அஸ்ஸாம் அல்ல. வாக்காளர் திருத்தமும் குடியுரிமைப் பதிவேடும் ஒன்றல்ல. வீண் பீதியைக் கிளப்புவது நம் வேலையும் அல்ல. ஆனால் 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை என்பதும், அதில் பெரும்பகுதி 'இடம் பெயர்ந்தவர்' என்று நீக்கப்பட்டவை என்பதும் நடந்த உண்மை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாடகை அறைகளில் தங்கி வேலை செய்யும் இளைஞர்களைவிட இடம் பெயர்ந்தவர்கள் யார்? எந்த மதத்தவரானாலும் சரி, ஊரில் வேரும் இங்கே கிளையுமாக வாழ்கிறவனுக்குத்தான் காகிதம் முதலில் தேவைப்படுகிறது.

அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? அருமைச் சகோதரர்களே, பெரும்பாலும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

முதலில் ஊர்ப் பள்ளிவாசல் அலமாரி. நிகாஹ் தஃப்தர் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சீர்தூக்கிப் பார்த்திருக்கிறோமா? மாப்பிள்ளை பெயர், அவர் தகப்பனார் பெயர், பெண் பெயர், பெண்ணின் வலீ யார், சாட்சிகள் யார், மஹர் எவ்வளவு, ஹிஜ்ரி தேதி என்ன, அத்தனையும் ஒரே பக்கத்தில் இருக்கும். பழைய பத்திரங்களில் ஆண்களின் பெயர்தான் நிறைந்திருக்கும். நம் தாய்மார்களின் பெயர், இன்னார் மகள் என்ற குறிப்போடு, நிச்சயமாக இருக்கும் ஏடு இந்தத் தஃப்தர்தான். ஹரித்துவாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்ரிகர்களின் வம்சத்தைச் சுருள் ஏடுகளில் எழுதிக் காத்து வருகிறார்கள். அதைப் படம் பிடித்துப் போக அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். நம்மிடம் இருப்பதைப் படம் பிடிக்க நாமே போகவில்லை!

வேதனையான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். நாம் ஓதிய காலத்தில் ஒரு மஹல்லாவில் பழைய தஃப்தர்களை மூட்டை கட்டிக் கிணற்றில் இறக்கியதைக் கண்ணால் கண்டோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிஸ்மில்லாஹ்வில் தொடங்கும் ஏடு, குர்ஆன் வசனம் எழுதிய ஏடு, காலில் மிதிபடக்கூடாது, கரையான் அரித்த முஸ்ஹஃபைப் போலக் கண்ணியமாக அப்புறப்படுத்த வேண்டும் என்ற பயபக்தி! நாமும் அந்த மூட்டைக்கு ஒரு கை கொடுத்தோம். எத்தனை பெண்களின் தகப்பன் பெயர் அன்று தண்ணீரில் கரைந்தது என்று இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அடுத்து வியாபாரப் பெருமக்கள் வீட்டு இரும்புப் பெட்டி. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். சொத்து வந்த வழியைச் சொல்லும்போதே மூன்று தலைமுறைப் பெயரும் வந்துவிடும். ஃபராயிளு முறைப்படி பங்கு பிரித்த குடும்பமானால் பெண்மக்கள் பெயரும் இருக்கும். இல்லையென்றால், பெண்மக்களை ஏமாற்றியதற்கு அதுவே சாட்சி, அது தனிக் கதை. தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, பத்திர எண்ணைப் பிடித்து நகல் வாங்கலாம். சிப்காட்டுக்கு நிலம் எடுத்த வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிலம் எடுக்கும்போது யார் வாரிசு என்பதில் தகராறு வந்தால் இழப்பீட்டுப் பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டுவிடும். வம்சாவளியை நிரூபித்த பிறகுதான் கைக்கு வரும்.

இதற்குமேல் போக நூலகமும் ஆவணக் காப்பகமும்தான் வழி. நம் இளைஞர்கள் பூந்தமல்லி வழியாகப் பஸ் ஏறி எழும்பூர் போய்ச் சேர ஒரு வார விடுமுறை போதும்.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் அங்கே உள்ளன. பள்ளிவாசலுக்கோ, தர்காவுக்கோ, காஜி, கத்தீப் ஊழியத்துக்கோ மானிய நிலம் பெற்ற குடும்பமானால், முதலில் யாருக்குத் தரப்பட்டது, அப்போது அனுபவித்தவர் யார், இவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் அதில் வரும். வக்ஃப் சட்டம் 2025இல் திருத்தப்பட்டபின், 'பத்திரம் எங்கே?' என்ற கேள்வி ஒவ்வொரு முத்தவல்லியின் வாசலிலும் நிற்கிறது. தன் பாட்டனைத் தேடிப் போகிறவர் அந்த ஊர் வக்ஃபின் ஆதாரத்தோடு திரும்பி வரக்கூடும்.

இந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு சேதி. இருங்காட்டுக்கோட்டை இருக்கும் சீமையை ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பர்னார்டு என்னும் கம்பெனி இன்ஜினியர் 1767 முதல் 1774 வரை இந்தச் செங்கல்பட்டு ஜாகீர் முழுவதையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, என்ன தொழில், யாருக்கு என்ன மானியம் என்ற கணக்கு. அந்தக் காலத்துத் தமிழ் ஓலைக் கணக்குகள் இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. புகை கக்கும் தொழிற்சாலை வந்தபிறகு பிறந்த ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மண்ணின் பழைய கணக்கு இது! தேடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று இது காஞ்சிபுரம் மாவட்டம். 1997க்கு முன் செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே பழைய ஆவணங்களில் காஞ்சிபுரம் என்று தேடினால் கிடைக்காது, 'செங்கல்பட்டு ஜில்லா, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா' என்று தேட வேண்டும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கும் இதே கதைதான். பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தே இருந்தன.

அதே எழும்பூரில், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும், பிறகு பத்திரிகைகளின் பிரதியும், வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. திருவல்லிக்கேணியில் 1850இல் தொடங்கிய முகமதன் பொது நூலகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்ச் செட்டியார் ஒருவர், பிறர் குப்பை என்று தள்ளிய பழைய பத்திரிகைகளையும் நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மறைந்தபின் 1994இல் அது நூலகமானது. அத்தகைய ஒரு செட்டியார் நம்மில் பிறக்கவில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

பத்திரிகையில் குடும்ப வரலாறு எப்படி வரும் என்று கேட்கலாம். பா.தாவூத்ஷா நடத்திய தாருல் இஸ்லாமும், பின்னர் வந்த முஸ்லிம் முரசும், மணிவிளக்கும், பிறையும் நம் பெரியவர்கள் வீடுகளில் புழங்கிய இதழ்கள். இப்படிப்பட்ட சமுதாய இதழ்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். வஃபாத்துச் செய்தி, நிகாஹ் வாழ்த்து, மதரசாவுக்கு நன்கொடை தந்தோர் பட்டியல், கடை விளம்பரம். தலையங்கத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் 'இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார், ஈப்போ, பத்து வெள்ளி' என்ற ஒரு வரி, ஒரு பேரனுக்கு அவன் பாட்டனைத் திருப்பிக் கொடுக்கும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரின் ஆலன் கவுண்டி பொது நூலகத்தில், குடும்ப வரலாற்றுக்கென்றே வெளியாகும் ஆயிரக்கணக்கான சிறு சஞ்சிகைகளைச் சேர்த்து வைத்து, எந்த இதழில் எந்த ஊர், எந்தக் குடும்பம் பற்றிய சேதி வந்தது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நம் பழைய இதழ்களுக்கு அப்படி ஓர் அட்டவணை போட நான்கு கல்லூரி மாணவர்கள் போதாதா? நமது இதழ் உட்பட எத்தனை சமுதாய இதழ்கள் கன்னிமாராவுக்கு ஒழுங்காகப் பிரதி அனுப்பின என்று அந்தந்த ஆசிரியர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் கடல் கடந்தும் தேட வேண்டும். 1882இல் இலங்கையில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தினார். சிங்கப்பூர் தேசிய நூலகம், 1935இல் தொடங்கிய தமிழ் முரசையும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இலங்கைத் தமிழ் ஏடுகளை 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் இணையத்தில் தருகிறது. கைப்பேசி இருந்தால் போதும், ஷிப்ட் இடைவேளையில்கூடப் பார்க்கலாம்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் நம்மை ஏமாற்றும். மரைக்காயர் என்பது இலங்கையில் மரிக்கார் ஆகும், பினாங்கில் மெரிக்கன் ஆகும். ராவுத்தர், ரௌத்தர், ராவுத்தன் மூவரும் ஒருவரே. முகம்மது, முஹம்மது, மொகமது, வெறும் 'எம்.டி.' என்று நான்கு விதமாக எழுதிய குமாஸ்தாக்கள் உண்டு. இனிஷியலைப் பெயராகவும் ஊரை இனிஷியலாகவும் எழுதியவர்களும் உண்டு. ஒரு பெயரைத் தேடி இல்லையென்று மூடிவிடாமல், ஐந்து விதமாக எழுதித் தேட வேண்டும். கேள்விப்பட்ட கதையை அப்படியே நம்பவும் கூடாது. அலெக்ஸ் ஹேலி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்ட குண்ட்டா கிண்ட்டே என்ற முஸ்லிம் இளைஞரே தன் மூதாதை என்று 1976இல் 'ரூட்ஸ்' எழுதினார். உலகமே படித்துக் கண்ணீர் விட்டது. பின்னால் வரலாற்றாசிரியர்கள் பழைய ஏடுகளை எடுத்துப் பார்த்தபோது பல கண்ணிகள் பொருந்தவில்லை. அறிவிப்பாளரின் சொல்லை உரசிப் பார்க்காமல் ஏற்காத பாரம்பரியத்தில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆலிம் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தஃப்தர்களும் கடிதங்களும் பாதிக்கு மேல் அரபுத் தமிழில் இருக்கின்றன. இன்றைய பட்டதாரி இளைஞனுக்கு அந்த எழுத்து தெரியாது. வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் உட்கார்ந்து, யார் கொண்டு வந்தாலும் படித்துச் சொல்லுங்கள். நிர்வாகிகள் தஃப்தரை வெளியே கொடுத்தனுப்ப வேண்டாம். அலமாரியைத் திறந்து வைத்து, நிர்வாகி ஒருவர் பக்கத்தில் இருக்க, இளைஞர்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் ஒரு பிரதியை வேறு ஊரிலும் வைக்கட்டும். இருங்காட்டுக்கோட்டைப் பகுதியில் வேலை செய்யும் தம்பிமார்கள் ஊருக்குப் போகும் அடுத்த விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம். தேவைப்படும் ஜமாஅத்துக்கு நம் அமைப்பின் மாவட்ட நிர்வாகிகள் ஆளும் கேமராவும் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

முதலில் சொன்ன தம்பி என்ன ஆனார்? நம் யோசனைப்படி தாயின் ஊருக்குப் போனார். அலமாரிச் சாவி மூன்று முத்தவல்லிகளுக்கு முன்பே தொலைந்து போயிருந்தது. பூட்டை உடைத்தார்கள். தாயின் நிகாஹ் பக்கம் முழுசாக இருந்தது. வலீ என்ற இடத்தில் நன்னாவின் கையெழுத்து, அரபுத் தமிழில். கைப்பேசியில் படம் பிடித்து நமக்கு அனுப்பினார். படித்துச் சொன்னோம். காதரும் இல்லை, மைதீனும் இல்லை! அந்தப் பெயரைக் கொண்டு பதினோரு ஆயிஷா பீவிகளில் தன் தாயை அவர் கண்டுகொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அவர் ஓய்வு நாட்களில் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் நன்னாவின் கடையைத் தேடிக்கொண்டிருக்கிறார். நன்னா 'ரஜுலா' கப்பலில் போனவர் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை நம்மவர்களைச் சுமந்து திரிந்த கப்பல் அது. நன்னாவின் தகப்பனார் பெயரைத் தேடி மறுபடியும் அலமாரியைத் திறந்திருக்கிறார். 1950க்கு முந்திய தஃப்தர் ஒன்றுகூட அதில் இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருக்கிறதா என்று தெருத் தெருவாகக் கேட்டு வருகிறார்.